கேனானா, நிக்கானா? போதும்ப்பா!

நாச்சாரத்தில் நம்மூர் ஆட்கள் நாலு பேர் கூடிப் பழைய ஃபிலிம் கேமரா பேச்சு வந்தால் கட்சி பிரிந்துவிடும். கேனான் ஈஓஎஸ் 300 உசத்தியா, நிக்கான் எஃப்75 உசத்தியா? அட, இரண்டிலும் ஓடுவது அதே 35 மி.மீ. சுருள்தானே! டிஜிட்டல் மாதிரி சென்சார் வித்தியாசமா இருக்கு? காசை லென்ஸில் போடுங்க சாமி.

மகளின் முதல் பிறந்தநாளை, ஃப்ளாஷ் வேண்டாமென்று, கேமராவோடு வந்த 28-80 ஜூமில் எடுத்தேன். மெழுகுவத்தி தெரிகிறது, பேத்தியை மடியில் வைத்திருந்த அம்மா முகம் இருட்டு. 50 மி.மீ. எஃப்/1.8 பல மடங்கு வெளிச்சம் வாங்கியிருக்கும். அம்மா இப்போது இல்லை.

ஒரே எச்சரிக்கை: நிக்கான் எஃப்55-இல் ஏஎஃப்-எஸ் லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் கிடையாது. மற்றபடி எது மலிவோ அதை வாங்குங்க. சண்டையை விட்டுட்டு, ஊருக்குப் போய்ப் பெரியவங்களைப் படமெடுங்க.