கிழடு தட்டியது லேப்டாப்புக்கு அல்ல

“பத்து வருஷம் ஓடிடுச்சும்மா, இதுல இனிமே ஒண்ணும் இல்ல. காயலான் கடையில போட்டுட்டுப் புதுசு ஒண்ணு எடுத்துக்குங்க.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்காவிடம் ஒரு சர்வீஸ் கடையில் சொன்னது இது. அவருடைய மூத்த மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. இளையவள் பி.காம். சேர்ந்ததும் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியிருக்கிறாள். ஆன் செய்தால் வேலைக்குத் தயாராக நான்கு நிமிடம். எதைத் திறந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைக்காரரின் ஒற்றை வார்த்தையை நம்பி அக்கா கம்மலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

அந்தக் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசஸரின் உழைப்பு 8 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். கணக்குப் போட வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தரவை எடுத்துக் கொடுக்க வேண்டியது மூச்சு வாங்குகிறது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதிலிருந்த விண்டோஸை அப்படியே ஓர் எஸ்எஸ்டியில் நகலெடுத்து மாட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. அரை நிமிடத்தில் கணினி எழுந்தது. செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல்.

லேப்டாப்புக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், அதற்குப் பிறகு வேகம் குறைந்தால் மாற்றத்தான் வேண்டும் என்ற நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் வேரூன்றியிருக்கிறது. அது தவறு. ஏழை வீடுகளைக் கடனில் தள்ளும் தவறு என்பதால் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய லேப்டாப்புகளில் இருக்கும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு ஊசிமுனை போன்ற ஹெட் நகர வேண்டும், பிறகு தட்டு சுழன்று அந்த இடம் ஹெட்டுக்கு நேராக வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் ஒரு சின்னத் துணுக்கை எடுக்கச் சராசரியாக 15 மில்லிசெகண்டுக்கு மேல். அதாவது நொடிக்கு அறுபது, எழுபது துணுக்குகள். விண்டோஸ் எழுந்திருக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான துணுக்குகளை அங்குமிங்குமாகக் கேட்கும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை. அதே துணுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிசெகண்டில் வந்துவிடும். வித்தியாசம் நூறு மடங்குக்கு மேல்.

“வாங்கினப்ப நல்லாத்தானே ஓடிச்சு?” என்று கேட்பார்கள். பிராசஸர் தேய்வதில்லை, வாங்கிய அன்று போட்ட கணக்கை அதே வேகத்தில் இன்றும் போடும். ஏறியது சுமைதான். அப்டேட்டுகள் பெருத்தன, ஆன்டிவைரஸ் பின்னணியில் எல்லாவற்றையும் துழாவுகிறது, பிரவுசர் ராமை விழுங்குகிறது. ராம் நிறைந்ததும் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் இறக்கி வைக்கிறது. இத்தனை பாரமும் அந்த ஒற்றை ஹெட்டின் தலையில். அதனால்தான் ஃபார்மட் போட்டால் சில வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி படுத்துக்கொள்கிறது.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. 240 ஜிபி எஸ்எஸ்டிகளில் 80 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருபவை இருக்கின்றன. தினம் 20 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட ஏறத்தாழ 11 ஆண்டு ஆகும். கல்லூரிப் பெண் நோட்ஸும் அசைன்மென்டும் எழுதி அதில் பாதியைக்கூடத் தொடமாட்டாள். பழைய லேப்டாப்பின் சாட்டா இணைப்பு மெதுவானது, எஸ்எஸ்டி போட்டும் பயனில்லை என்பதும் சரியல்ல. சாட்டா 2 இணைப்பே நொடிக்கு 250 எம்பிக்கு மேல் கடத்தும். நாம் விடுபடப் போவது அந்த 15 மில்லிசெகண்ட் காத்திருப்பிலிருந்து. அதற்கு இணைப்பின் வேகம் தடையே இல்லை.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. 2017-க்கு முந்தைய பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினியில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்துதான். ஆனால் அது மென்பொருளின் முடிவு, இயந்திரத்தின் முடிவு அல்ல. லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன, தொடர்ந்து அப்டேட் பெறுகின்றன, தமிழில் தட்டச்சு செய்யலாம். கட்டுரை எழுதவும் கணக்குத் தாள் போடவும் இணைய வகுப்பில் உட்காரவும் தாராளமாகப் போதும்.

எல்லா லேப்டாப்பையும் இப்படி மீட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மதர்போர்டு போனதற்கு எஸ்எஸ்டி மருந்தாகாது. சேமிப்பைப் போர்டிலேயே பற்றவைத்த மாடல்களில் மாற்ற வழியில்லை. ஆட்டம் பிராசஸர் போட்ட சின்ன நெட்புக்குகளில் பலன் குறைவு. வீடியோ எடிட்டிங் செய்பவருக்குப் புதிய கணினி தேவைதான். இந்த விதிவிலக்குகளைக் காட்டி எல்லோரையும் ஷோரூமுக்கு அனுப்புவதைத்தான் கண்டிக்கிறேன்.

2011 செப்டம்பரில் தொடங்கிய அந்த விலையில்லாத் திட்டத்தில் மட்டும் லட்சக்கணக்கான மடிக்கணினிகள் தமிழகத்து வீடுகளுக்கு வந்தன. பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கணினி. அவற்றைப் பரணில் போட்டுவிட்டுப் பிள்ளையை போன் திரையில் படிக்கவிடுவது எத்தனை பெரிய இழப்பு! ஐ.நா. அமைப்புகள் பங்கேற்ற உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். டிஸ்க்கோடு சேர்த்துக் காயலான் கடையில் போடுபவர் குடும்பப் படங்களையும் ஆதார் நகலையும் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறார் என்பதையும் மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முதலில் படங்களையும் கோப்புகளையும் பென்டிரைவிலாவது எடுத்து வையுங்கள். உங்கள் மாடலுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்துமா என்று பாருங்கள். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் என்றால் ஒரு சின்னச் சட்டம் வைத்தால் ஆடாது. சாட்டா–யுஎஸ்பி கேபிளில் இணைத்து குளோன் செய்யலாம். பயமாக இருந்தால் மெக்கானிக்கிடமே கொடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, சிறு ஊர்களிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாலு காசு போகட்டும்.

அடுத்த முறை யாராவது “லேப்டாப் பழசாயிடுச்சு, மாத்திடுங்க” என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உள்ள இருக்கிறது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?” அதற்குப் பதில் சொல்லாதவரிடம் புதுசு வாங்காதீர்கள். அக்காவின் கம்மல் இன்றும் அவர் காதில்தான் இருக்கிறது. இளையவள் அதே மடிக்கணினியில் படித்துக் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டாள்.