கோலம் போடும் கடிகாரம்

குரோம் பிரவுசரில் ஒரு டைமரை 25 நிமிடத்துக்கு ஓடவிட்டு, பக்கத்து டேபில் பாடத்தைத் திறந்து படிக்கத் தொடங்குங்கள். சரியாக 25 நிமிடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், வழக்கமான முறையில் எழுதிய டைமர் இன்னும் 19 நிமிடத்துக்கு மேல் பாக்கி இருப்பதாகக் காட்டக்கூடும்.

‘நொடிக்கு ஒருமுறை என்னை எழுப்பு’ என்று செட்இன்டர்வல் மூலம் பிரவுசரிடம் சொல்லிவைத்து, அது எழுப்பும்போதெல்லாம் ஒன்றைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் பெரும்பாலோர் முதலில் எழுதும் கோட். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 பதிப்பு ஒரு விதியைக் கொண்டுவந்தது. அது வந்தபோது இருந்த கணக்கின்படி, ஒரு டேப் ஐந்து நிமிடத்துக்கு மேல் கண்ணில் படாமல் இருந்து, ஓசையும் எழுப்பவில்லையென்றால், அதில் இப்படித் தொடர்ந்து ஓடும் டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுப்பும். பேட்டரி மிச்சமாகிறது, நல்ல விதிதான். ஆனால் அந்தக் கணக்கில், நம் டைமரில் முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காகக் குறையும். மீதி இருபது நிமிடத்துக்கும் சேர்த்து இருபது நொடிதான் குறையும்.

இந்தப் பிழை யாரைத் தாக்குகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. டைமரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது சரியான நேரம் காட்டும். அதை மறந்துவிட்டுப் பாடத்துக்குள் மூழ்கியவருக்குத்தான் கணக்கு தப்பும். யாருக்காகச் செய்தோமோ அவருக்கே உதவாத கருவி.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு வலைச் செயலிக்காக இப்படியொரு கவன டைமரைச் செய்துகொண்டிருக்கிறேன். வெறும் டைமராக இருந்தால் போதாது, விளையாட்டுபோல் இருக்க வேண்டும் என்று செயலியை நடத்துபவர்கள் கேட்டிருக்கிறார்கள். பாயின்ட், பேட்ஜ், தொடர்நாள் கணக்கு, முதல் பத்துப் பேர் பட்டியல் எல்லாம் அவர்கள் கொடுத்த குறிப்பில் இருந்தன. ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியில் வைத்து உரசிப் பார்க்கிறேன்: திரையை மறந்து படிப்பவருக்கு இது நல்லது செய்யுமா?

நேரக் கணக்குக்குத் தீர்வு எளிது. எத்தனை நொடி பாக்கி என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. தொடங்கும்போதே எத்தனை மணிக்கு முடியும் என்று குறித்துவைத்துவிட வேண்டும். 10.05க்குத் தொடங்கினால் 10.30. பிறகு எப்போது எழுப்பினாலும், பத்து நிமிடம் எழுப்பாமலே விட்டாலும், இப்போதைய நேரத்தை அந்த 10.30லிருந்து கழித்தால் விடை சரியாக வரும். அந்த முடியும் நேரத்தைப் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் போட்டுவைத்தால் பக்கத்தைப் புதுப்பித்தாலும் அழியாது. முடிவில் அடிக்கும் மணிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும் டேப், மணியையும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் தாமதமாக அடிக்கும். அந்த விதிக்கு வெளியே, பின்னணியில் தனியாக ஓடும் வெப் வொர்க்கரிடம் மணி அடிக்கும் வேளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன்.

இந்த 25 நிமிடக் கணக்கு பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியரிடமிருந்து வந்தது. 1980களின் கடைசியில் கல்லூரி மாணவராக இருந்தபோது, படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவில் இருந்த ஒரு சமையலறை டைமரை முறுக்கி வைத்துப் படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை நீண்ட ஓய்வு. (ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதை நினைக்கும்போது, இந்த அளவு எனக்கு அந்நியமாகவே படுவதில்லை.) அந்தத் தக்காளி டைமரில் எனக்குப் பிடித்தது, அதற்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது என்பது. செய்தி வராது, அடுத்த வீடியோவைக் காட்டாது. நாங்கள் செய்யும் டைமரோ கவனத்தைக் கலைக்கும் எல்லாமும் குடியிருக்கும் அதே பிரவுசரில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதன் நடத்தையில் கூடுதல் அடக்கம் வேண்டும்.

அந்த அடக்கத்தை முதலில் தோற்றத்தில் கொண்டுவந்தேன். திரையில் ஒரு வளையம், நடுவில் நிமிடம். நொடி கிடையாது. ஓரக்கண்ணில் அசைவு பட்டால் பார்வை அங்கே திரும்புவது உடம்பின் இயல்பு. நொடிக்கு ஒருமுறை மாறும் எண் அந்த இயல்பைச் சீண்டிக்கொண்டே இருக்கும். ஓடும் நேரத்தில் பாயின்ட் ஏறுவதில்லை, பொம்மை குதிப்பதில்லை, ஊக்க வாசகம் வருவதில்லை. விளையாட்டெல்லாம் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும்தான்.

அடுத்து வந்தது, லேப்டாப் மூடியை மூடிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. மூடியிருந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏமாற்றுவார்கள் என்றார் உடன் வேலை பார்க்கும் ஒருவர். ஆனால் தேர்வுக்குப் படிப்பவர் பலரிடமும் இருப்பது அச்சுப் புத்தகம். டைமரைத் தட்டிவிட்டு, மூடியைச் சாத்திவிட்டு, புத்தகத்தைத் திறப்பவரைவிடக் கவனமாகப் படிப்பவர் யார்? அவரைச் சந்தேகிக்கும் டைமரை நான் எழுத மாட்டேன். திரும்பி வந்ததும் ‘படித்தீர்களா?’ என்று கேட்கும்; ஆம் என்றால் ஏற்றுக்கொள்ளும். கணினியின் கடிகாரத்தையே முன்னால் தள்ளி வைத்து ஏமாற்றலாமே என்றால், ஏமாற்றி என்ன கிடைக்கும்? முதல் பத்துப் பேர் பட்டியல் இருந்தால்தான் அதில் லாபம். பட்டியல் வந்தால் காவல் வேண்டும். காவல் வந்தால் ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று படிப்பவர் அடிக்கடி திரையைத் தொட்டுக் காட்ட வேண்டும். பட்டியலை எடுத்துவிடுவோம் என்று நான் வாதாடியது இதற்காகத்தான். எடுத்தாயிற்று.

பாயின்ட் கொடுப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் 1973இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வரும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து நர்சரிப் பள்ளியில், தாமாகவே விரும்பிப் படம் வரையும் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொல்லிவிட்டு, அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்ததும் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, யாரும் சொல்லாமல், எதுவும் தராமல், வரையும் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை.

இந்த ஆய்வை வைத்துப் பரிசே கெட்டது என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. ஏற்கெனவே பிடித்துச் செய்யும் காரியத்தைப் பற்றித்தான் அந்த ஆய்வு பேசுகிறது. தேர்வுக்குப் படிப்பவருக்கு வரலாற்றில் ஓர் அத்தியாயம் பிடித்திருக்கும். ஐவகை நிலத்தைப் படிக்கும்போது தன் ஊர் நினைவுக்கு வந்து மனம் அதில் லயித்திருக்கும். அந்த இன்பத்தின் மேல் பாயின்ட்டைக் கொட்டி அதைக் கூலி வேலையாக்கிவிடக் கூடாது. ஆனால் வேலைக்குப் போய்விட்டு வந்து, இரவு எட்டரை மணிக்குப் புத்தகத்தின் முன் உட்காரும் அந்த ஒரு கணம் யாருக்கும் இன்பமாக இருப்பதில்லை. விளையாட்டின் உதவி வேண்டியிருப்பது அங்கேதான்.

ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இருவரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு இதற்குக் கைகொடுத்தது. கார் கழுவும் கடை ஒன்றில் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு, எட்டு முத்திரை சேர்ந்தால் ஒருமுறை இலவசம் என்று அட்டை கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பத்து முத்திரை அட்டை. ஆனால் அதில் இரண்டை முன்கூட்டியே குத்திக் கொடுத்தார்கள். இரு வகையினருக்கும் வேண்டியது எட்டுதான். முதல் வகையில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினார்கள், இரண்டாம் வகையில் 34 சதவீதம் பேர். கொஞ்சம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்ற உணர்வு நம்மை முன்னே நகர்த்துகிறது. சும்மா இரண்டு முத்திரை குத்திக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை; அதில் பொய் இருக்கிறது. அதற்குப் பதிலாக, இன்று எதைப் படிக்கப்போகிறேன் என்று ஒரு வரி எழுதினாலே முதல் புள்ளி விழும்படி செய்தேன். எதைப் படிப்பது என்று முடிவுசெய்வதும் வேலைதான். அந்தப் புள்ளி உழைத்துச் சம்பாதித்தது.

புள்ளி என்று சொன்னது கோலப் புள்ளியை. அதற்கு வருமுன் ஃபாரஸ்ட் என்ற ஆப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைவானில் உருவாகி 2014இல் வந்தது. படிக்கத் தொடங்கும்போது ஒரு விதை நடுவீர்கள். நேரம் முடிவதற்குள் ஆப்பை விட்டு வெளியேறினால் வளர்ந்துகொண்டிருந்த மரம் பட்டுப்போகும். சேர்த்த நாணயங்களைக் கொண்டு உண்மையான மரம் நடவும் அதில் வழி உண்டு. ஓடும்போது அதில் செய்ய ஒன்றுமே இல்லை என்பதற்காக அந்த ஆப்பை மதிக்கிறேன். பட்ட மரத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சுற்று பாதியில் நின்றால் செல்லாது, முதலிலிருந்து தொடங்கு என்பது சிரில்லோவின் விதியும்கூட. தனி அறையும் சாத்திய கதவும் உள்ளவருக்கு அது பொருந்தும். நம் வீடுகளில் படிப்பவரை நடுவில் எழுப்பாத நாள் ஏது? தண்ணி லாரி வரும், பாட்டி மாத்திரை கேட்பார், தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும். பதினேழாவது நிமிடத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்ணிடம், திரும்பி வந்ததும் பட்ட மரத்தைக் காட்டுவது அநியாயம். அவள் படித்த பதினேழு நிமிடம் மூளையில் இருக்கிறது. திரையிலும் இருக்க வேண்டும்.

தொடர்நாள் கணக்கிலும் இதே சிக்கல். ஒரு நாள் விட்டால் கணக்கு பூஜ்யமாகிவிடும் என்ற பயம் தினமும் இழுத்து வந்து உட்காரவைக்கும், உண்மைதான். ஆனால் காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனால், சேர்த்ததெல்லாம் போயிற்றே என்று மொத்தமாகக் கைவிடவும் அதுவே காரணமாகும். கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி பெரிது என்று 1979இலேயே டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் எழுதிவிட்டார்கள். தேர்வுக்காக வருடங்களைக் கொடுத்துக்கொண்டிருப்பவரிடம் அந்த வலியைக் கருவியாக்க வேண்டுமா?

இந்த இடத்தில்தான் கோலம் வந்தது. நேற்றுப் போட்ட கோலம் அழிந்ததை யாரும் இழப்பாக நினைப்பதில்லை. காலையில் வாசல் தெளித்துப் புதிதாகப் போடுகிறார்கள். எங்கள் டைமரில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி; நாளின் முதல் புள்ளி மட்டும் அந்த ஒரு வரியை எழுதியதுமே விழுந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஐந்து, ஐந்து சுற்று படித்தால் ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி. சுற்று முடிந்து படிப்பவர் திரும்பி வந்த பிறகுதான் புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக் கோலத்தின் கோடு ஓடும். நாள் மாறுவது நள்ளிரவில் அல்ல, விடியற்காலை நான்கு மணிக்கு. பின்னிரவில் படிப்பவரின் கோலம் பாதியில் அழியக் கூடாதல்லவா.

கோலத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது நம் ஊரில் பழைய வேலை. சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இலேயே கோலங்களை வரிசை இலக்கணம் என்ற கணிதக் கருத்தோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நான் செய்வது மிக எளிய வடிவம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கட்டம். பக்கத்தில் புள்ளி இருந்தால் கோடு அந்தப் பக்கம் கடந்து போகும், இல்லையென்றால் வளைந்து திரும்பும். இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்தது, இப்படி வரையும் கோடு எத்தனை புள்ளியில் நிறுத்தினாலும் வாய் திறந்து நிற்பதில்லை. அது எப்போதும் மூடிக்கொள்ளும். மூன்று புள்ளியோடு எழுந்துபோன அந்தப் பெண்ணுக்கும் முழுக் கோலம்தான் கிடைக்கும், சிறியதாக.

கோடு மெல்ல வரையப்படுவதுபோல் தோன்ற எஸ்விஜியில் ஸ்ட்ரோக்-டாஷ்அரே, ஸ்ட்ரோக்-டாஷ்ஆஃப்செட் என்ற இரண்டு பண்புகள் போதும். நேரம் காட்டும் வளையமும் இதே இரண்டால்தான் குறைகிறது. அசைவைக் குறைக்கும்படி தன் சாதனத்தில் அமைத்துக்கொண்டவருக்குக் கோலம் ஒரேயடியாகத் தோன்றும். பார்வையற்ற தேர்வர்களுக்காக, ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு நிமிடத்தையும் வாசிக்காமல், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் சொல்லும். கோலத்தை அவர்களுக்கு எப்படித் தருவது என்று ஒரு பார்வையற்ற நண்பரிடம் கேட்டேன். புள்ளி எண்ணிக்கையை வாசித்தால் போதும், ஆனால் மணியோசை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுரம் ஏறட்டும் என்றார். அப்படியே செய்தோம். பார்வையுள்ளவர்களுக்கும் அதே ஓசைதான் இப்போது.

அடுத்து, இரண்டு பேர் சேர்ந்து படிக்கும் வசதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலியில் ஒருவரும் சேலத்தில் ஒருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினால், இருவர் புள்ளியும் ஒரே கோலத்தில் விழும். எந்தப் புள்ளி யாருடையது என்று காட்டாது. இருவர் கணினியின் கடிகாரமும் ஒன்றுபோல் இருக்காது என்பதால், முடியும் நேரத்தை இனி சர்வர்தான் குறித்துத் தர வேண்டும். ஒருவருக்கு நடுவில் இணைப்பு அறுந்துபோனால் அவருடைய புள்ளிகளை எங்கே வைத்திருப்பது என்பதைத்தான் இந்த வாரம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.