கோராவுக்குக் குலம் கேட்க வேண்டுமா?

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சுரமானிக் கம்பியில் எடையைக் கூட்டியும் குறைத்தும் அதிர்வெண் கணக்கிட்டுக்கொண்டிருந்த நாளொன்றின் மாலையில், கோரா என்னும் மேற்கு ஆப்பிரிக்க இசைக்கருவியைக் கைப்பேசியில் முதன்முறையாகக் கேட்டேன். இருவர் வாசிக்கிறார்கள் என்றே எண்ணினேன். வாசித்தவரோ ஒருவர்தான்! மாலி நாட்டுக் கலைஞர் தூமானி ஜாபாத்தே. 1988இல் வெளிவந்த 'கைரா' என்னும் இசைத்தட்டு அது.

பெரிய சுரைக்குடுவையைப் பாதியாக அறுத்து, மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட மரத்தண்டைச் செருகினால் கோராவின் உடல் ஆயிற்று. தோலின்மேல் செங்குத்தாக நிற்கும் குதிரையின் இருபக்க வெட்டுகளில் 21 நரம்புகள். இடப்பக்கம் 11, வலப்பக்கம் 10. வீணையில் மெட்டுகளை அழுத்தி ஒரே தந்தியில் பல சுரங்களைப் பெறுகிறோம். கோராவில் மெட்டே கிடையாது. இரு கைகளின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே மீட்டும். மற்ற விரல்கள் பிடிகளைப் பற்றியிருக்கும். 'கும்பெங்கோ' என்னும் சுழல் அடியில் ஓயாது ஓட, 'பிரிமின்டிங்கோ' என்னும் விரைவோட்டம் அதன்மேல் பாய்ந்து இறங்கும். முன்பு தோல்வாரை முறுக்கிய நரம்புகள். இப்போது தூண்டில் நைலான். (அதைச் சுரமானியில் கட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை.)

இக்கருவியைப் புதியோருக்கு அறிமுகம் செய்வோர் முதலில் சொல்வது குலப்பெருமை. மாலி, செனகல், காம்பியா, கினி நாடுகளில் வாழும் மாண்டிங்கா மக்களிடையே, அரசர் வரலாற்றையும் வம்சாவளியையும் நினைவிலேயே காத்துப் பாடிவந்த 'ஜாலி' குடும்பங்களின் சொத்து கோரா. அந்த நினைவாற்றல் வணங்கத்தக்கது, ஐயமில்லை. தூமானியின் முன்னோர் 71 தலைமுறையினர் என்பார்கள். ஆனால் அறிமுகம் அங்கேயே நின்றுவிடுவதைத்தான் நான் ஏற்கவில்லை. 2024இல் மறைந்த அந்தத் தூமானியே, தந்தை தமக்கு நேரே கற்பிக்கவில்லை, கேட்டுக் கேட்டுத் தாமே பழகியதாகச் சொன்னவர் அன்றோ!

குலம் என்னும் கதவு கலையைக் காத்தது உண்மை. பலரை வெளியே நிறுத்தியதும் அதே கதவுதான். ஜாலி குடும்பத்துப் பெண்கள் பாடலாம். கோரா ஆண்களுக்கே என்பது மரபு. 1983இல் லண்டனில் பிறந்த சோனா ஜோபார்த்தே தந்தையிடம் பயின்று அதை மீறினார். உலக மேடைகளில் வாசிக்கிறார், காம்பியாவில் பள்ளியும் நடத்துகிறார். அவரும் ஜாலி குடும்பத்தவர்தானே என்பீர்கள். ஆம், அதனால்தான் கதவு பாதிதான் திறந்திருக்கிறது என்கிறேன்.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "உங்கள் குடும்பத்தில் யார் படித்தவர்கள்?" என்று ஒருவர் கேட்டபோது விடையின்றி நின்றிருக்கிறேன். 71 தலைமுறை என்று படித்ததும் எனக்கு வியப்பைவிட அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே நம் நுண்கலை மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கோராவை ஒரு மாலை அறிமுகம் செய்யுங்கள். வம்சக் கதையைப் பிறகு சொல்லலாம். முதலில் 'கைரா'வைப் போட்டுவிட்டு, எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள்.