அச்சத்துக்கேற்ற வாகனம்

அன்புச் சகோதரியே, ஓட்டுநர் உரிமம் பெற்றும் சாவியைத் தொட அஞ்சுகிறீர்களா? அச்சம் குறையன்று, அதற்கேற்ற வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

கிளட்ச்சும் கியரும்தான் புதியவரை மிரட்டுபவை. மேட்டில் வண்டி அணைந்து, பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் கைகால் நடுங்கிவிடும். 2014-இல் மாருதி செலெரியோ வாயிலாக நம் நாட்டில் அறிமுகமான ஏ.எம்.டி. முறையில் கிளட்ச் மிதியே இல்லை. ஆயினும், மேட்டில் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் வசதி உண்டா எனக் கேட்டறியுங்கள். வேகன் ஆர் போன்ற உயரமான வண்டியில் சாலை நன்கு தெரியும். நம் முஹல்லாவின் குறுகிய தெருவிலும் திருப்பலாம்.

புதுவண்டிக்காக வட்டிக் கடனில் சிக்காதீர்கள். கையிலுள்ள பணத்துக்கு அடங்கும் பழைய வண்டியே மேல். முதற்கீறல் மனத்தை அவ்வளவாக வருத்தாது. நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டியபின், நீங்களே ஓட்டிப் பாருங்கள். கணவரோ மகனோ ஓட்டிப் பார்ப்பது போதாது.