தூணுக்குக் கொடுத்த தள்ளுபடி ஸ்லாபுக்கு எதற்கு?

"எல்லா மாடியிலயும் ஒரே நேரத்துல கூட்டம் நிக்கவா போகுது? லைவ் லோடைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க சார்!"

இன்ஜினியர்களிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. தூணைப் பற்றி என்றால் நியாயமான கேள்விதான். கான்கிரீட் ஸ்லாபைப் பற்றி என்றால் சுத்த அபத்தம்.

ஆட்கள், கட்டில், பீரோ என்று வந்து போகும் பாரம்தான் லைவ் லோடு. 1987-ல் வந்த ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்கிறது. ஐந்து முதல் பத்து தளங்களைத் தாங்கும் தூணுக்கு அதில் 40 சதவீதம் வரை குறைக்கலாம். 50 சதுர மீட்டருக்குக் குறையாமல் தாங்கும் பீமுக்கு, ஒவ்வொரு 50-க்கும் 5 சதவீதம், அதிகபட்சம் 25. ஸ்லாபுக்கு? ஒன்றுமே கிடையாது!

காரணம், வங்கிக் கணக்கு மாதிரி எளிமையானது. டெபாசிட் போட்ட எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்க மாட்டார்கள் என்றுதான் வங்கி ஒரு பகுதியை மட்டும் கையில் வைத்திருக்கிறது. அதற்காக, 1000 ரூபாய் போட்ட ஒருவரிடம் "600தான் தருவோம்" என்று சொல்ல முடியுமா? தூண்தான் வங்கி. ஸ்லாப் அந்த ஒற்றை பாஸ்புக். பத்து மாடியும் ஒன்றாக நிரம்பாது. ஆனால் ஒரு விசேஷம் வந்தால் பத்துக்குப் பன்னிரண்டு அறை நிரம்பிவிடும்.

"அமெரிக்காவில் ஸ்லாபுக்கும் குறைக்கிறார்களே?" என்பார்கள். குறைக்கிறார்கள்தான். ஆனால் அங்கேயும் ஸ்லாப் தாங்கும் பரப்பு 400 சதுர அடியாவது இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறை வெறும் 120.

சரி, குறைத்தால் மிச்சம்தான் எவ்வளவு? ஐந்து அங்குல ஸ்லாபின் சொந்த எடையே சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ. தரை பூச்சு ஒரு 100. லைவ் லோடு 200-ல் 20 சதவீதத்தை வெட்டினாலும் மொத்தப் பாரத்தில் குறைவது ஆறேழு சதவீதம். கனமும் குறையாது, பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது தொய்வுக் கணக்கு. மிஞ்சுவது கொஞ்சம் கம்பிக்காசு.

அந்தக் காசு இன்று கட்டுபவரின் பைக்குப் போகிறது. ஆபத்து யாருக்கு? பத்து வருடம் கழித்து அதே அறையை வாடகைக்கு எடுத்து, சுவர் உயரத்துக்குச் சரக்கு அடுக்குபவருக்கு. கிடங்கு என்றால் தூணுக்கே தள்ளுபடி கிடையாது என்கிறது அதே விதி. அவரிடம் டிசைன் காகிதத்தை யார் காட்டப் போகிறார்கள்?