பிரசவத்துக்குப் பின்னரான முதல் 90 நாட்கள்: டென்மார்க்கில் தனித்து நிற்கும் தமிழ்த் தாய்மார்

மகப்பேற்றின்போது தாய் உயிரிழப்பது மிக அரிதாகிவிட்ட நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்ப காலத்திலும் பிரசவத்தையொட்டியும் உயிரிழந்தனர். ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 197 தாய்மார் என்பது உலக சராசரி. டென்மார்க்கில் அந்த விகிதம் ஒற்றை இலக்கத்திலேயே இருந்து வருகிறது. அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரான ஓகூஸின் பல்கலைக்கழக மருத்துவமனை, சிக்கலான பிரசவங்களைக் கையாளும் முன்னணி நிலையங்களில் ஒன்றாகும்.

ஆனால் இந்தப் புள்ளிவிபரம் உயிரிழந்தவர்களையே கணக்கிடுகிறது. பிழைத்து வீடு திரும்பிய தாய்க்கு அதன் பின்னர் என்ன நேர்கிறது என்பதை அது கூறுவதில்லை. அதிலும் கணவரைப் பிரிந்தோ இழந்தோ தனித்து வாழும் புலம்பெயர்ந்த தாய் ஒருவருக்கு, மருத்துவமனையின் கதவுக்கு வெளியேதான் கடினமான காலம் தொடங்குகிறது.

ஆபத்தான வாரங்கள்

இந்தக் காலத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளுள் ஒன்று ஓகூஸ் நகரிலிருந்தே வெளிவந்தது. ஓகூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ட்ரினே முங்க்-ஓல்சனும் அவரது சகாக்களும் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் தமது முடிவுகளை வெளியிட்டனர். முதற் குழந்தையைப் பெற்ற தாய்மார் மனநோய்க்காக மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் அபாயம், பிரசவத்தின் பின்னரான முதல் மூன்று மாதங்களில் அதிகரித்துக் காணப்பட்டது. 10ஆம் நாளுக்கும் 19ஆம் நாளுக்கும் இடையில் அது உச்சத்தை எட்டியது. புதிதாகத் தந்தையானவர்களிடம் இத்தகைய அதிகரிப்புக் காணப்படவில்லை.

பிரசவமான சில நாட்களில் ஏற்படும் அழுகையும் பதற்றமும் பெரும்பாலான தாய்மாருக்கு இயல்பாகவே தணிந்துவிடும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, உறக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டுதல் இன்மை, தான் பயனற்றவள் என்ற எண்ணம் ஆகியன பேற்றுப்பின் மனச்சோர்வின் அறிகுறிகளாகும். அது சிகிச்சையால் குணமாகக்கூடியது. ஆயிரத்தில் ஓரிருவருக்கு ஏற்படும் கடுமையான மனப்பிறழ்வோ உடனடி மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் அவசர நிலையாகும்.

உடல் சார்ந்த சிக்கல்களும் பிரசவத்துடன் முடிந்துவிடுவதில்லை. கர்ப்ப கால உயர் குருதி அழுத்தத்துடன் வரும் முன்வலிப்பு நோய், குழந்தை பிறந்த பின்னரும் தலைகாட்டலாம். கர்ப்ப கால நீரிழிவு தெற்காசியப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படுவதுடன், பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவாக மாறும் அபாயத்தையும் விட்டுச் செல்கிறது. கடுமையான தலைவலி, கண் மங்குதல், மிகையான குருதிப் பெருக்கு, காய்ச்சல் போன்றவற்றைக் களைப்பென்று எண்ணித் தாய் ஒதுக்கிவிடும்போது, அதைக் கவனித்து மருத்துவரை அழைப்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள இன்னொருவரே. டென்மார்க்கில் ஏற்கெனவே குழந்தை பெற்ற, சிக்கலின்றிப் பிரசவித்த தாய்மார் சில மணி நேரத்திலேயே வீடு திரும்புவது வழமை. அந்த வீட்டில் வேறு பெரியவர் எவரும் இல்லையெனில், கவனிப்பதற்கும் ஆளில்லை.

சட்டம் அளிப்பவை

தனித்த தாய்மாரை டென்மார்க் அரசு கைவிட்டுவிடவில்லை. 1924இல் தொடங்கப்பட்ட மோதர்யெல்பன் எனும் தாய்மார் உதவி அமைப்பு 1939இல் சட்டத்தின் மூலம் அரச நிறுவனமாக்கப்பட்டது. 1976இல் அது கலைக்கப்பட்டபோதிலும் 1983இல் தன்னார்வ அமைப்பாக மீண்டும் உருவெடுத்து, ஓகூஸ் உட்படப் பல நகரங்களில் கர்ப்பிணிகளுக்கும் நெருக்கடியிலுள்ள பெற்றோருக்கும் ஆலோசனை வழங்கி வருகிறது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்துடன் உருவான சுகாதாரத் தாதியர் சேவையின் கீழ், நகரசபையின் தாதி ஒருவர் குழந்தையின் முதலாண்டில் பல தடவைகள் இலவசமாக வீட்டுக்கு வருகிறார். தனித்து வளர்க்கும் பெற்றோருக்கு மேலதிகச் சிறுவர் உதவுதொகை உண்டு. மற்றவர் பராமரிப்புப் பணத்தைச் செலுத்தத் தவறினால் அரசே முற்பணமாகச் செலுத்திப் பின்னர் அவரிடம் அறவிடும் ஏற்பாடும் உள்ளது.

2022 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த மகப்பேற்று விடுப்புச் சட்டம், குழந்தைக்குச் சட்டப்படி ஒரேயொரு பெற்றோர் மட்டுமே இருந்தால் பிரசவத்தின் பின் 46 வாரங்களுக்கு உதவுதொகையுடன் விடுப்பு வழங்குகிறது. அத்தகைய பெற்றோர் தமது விடுப்பின் ஒரு பகுதியைத் தாய், தந்தை, உடன்பிறப்பு போன்ற நெருங்கிய உறவினருக்கு மாற்றிக் கொடுக்கவும் 2024 ஜனவரி முதல் வழி செய்யப்பட்டது. கணவன் மனைவியை மாத்திரமே குடும்பமாகக் கண்டுவந்த சட்டம், பாட்டியையும் சித்தியையும் மாமனையும் முதன்முறையாகக் கண்டுகொண்டது எனலாம்.

எனினும் இச்சட்டம் கருதும் தனித்த பெற்றோரும், தமிழ்ச் சமூகத்தில் காணப்படும் தனித்த தாயும் ஒருவரல்லர். கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணின் குழந்தைக்குச் சட்டப்படி தந்தை இருக்கிறார். ஆகையால் அவர் இந்த வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை. விடுப்பை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடும் டென்மார்க்கின் தொழிற்சந்தையில் இருக்கும் உறவினரைக் கருத்திற்கொண்டே வகுக்கப்பட்டது. தாய் யாழ்ப்பாணத்திலும் தமக்கை டொரொண்டோவிலும் இருக்கும் ஒருவருக்கு அதனால் பயனில்லை.

மறந்துவிட முடியாத வரலாறு

டென்மார்க் வாழ் தமிழர்களுக்கும் தனித்த தாய்மைக்கும் இடையிலான தொடர்பு புதியதல்ல. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களில் பலர் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த ஆண்கள். 1983ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் குடும்ப இணைவை அவர்களின் உரிமையாக்கியிருந்தது. ஆனால் 1987இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடுமாறு பணித்தார். சட்டவிரோதமான இந்தத் தடை 1989 வரை நீடித்தது. போர் நடந்த மண்ணில் பெண்கள் பிள்ளைகளுடன் தனித்து விடப்பட்டார்கள்.

நீதிபதி மோகன்ஸ் ஹொர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளியானதும் பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் அரசியற் குற்றங்களை விசாரிக்கும் விசேட நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ் அரசியல் வரலாற்றில் அது தமிழர் வழக்கு என்றே அறியப்படுகிறது.

அவ்வழக்கு அமைச்சர்களின் பொறுப்புக் கூறலுக்கான எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. குடும்பத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும் வல்லமை குடிவரவுச் சட்டத்துக்கு உண்டு என்பதும் அதன் பாடமாகும். அந்த வல்லமை இன்றும் உணரப்படுகிறது. மணமுடித்து வந்த பெண்ணின் வதிவிட அனுமதி கணவருடன் சேர்ந்து வாழ்வதையே அடிப்படையாகக் கொண்டது. வன்முறைக்கு உள்ளானவர்களின் நிலையைக் கருத்திற்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் அதை அறியாத பெண், பிரிந்தால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துடன் கர்ப்ப காலத்தைக் கழிக்கக்கூடும்.

கேட்டால் கிடைப்பதும் கேளாமல் கிடைத்ததும்

தாய்வீட்டு மரபில் உதவி கேட்கப்படுவதில்லை; அது தானாக வருகிறது. சரக்கு அரைப்பதற்கும், பத்தியம் சமைப்பதற்கும், குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கும், இரவில் விழித்திருப்பதற்கும் யாரோ ஒருவர் இருந்தார். 31ஆம் நாள் துடக்குக் கழிவு வரை தாய்க்கு ஓய்வு என்பது எழுதப்படாத சட்டம். தீட்டு என்ற கருத்தை இன்று பலர் ஏற்கமாட்டார்கள். எனினும் ஓகூஸ் ஆய்வு சுட்டிக்காட்டிய மிக ஆபத்தான நாட்கள் அந்த 31 நாட்களுக்குள்ளேயே அடங்குகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

நலன்புரி அரசின் இயல்போ வேறு. அது தனிமனிதரின் உரிமையை அங்கீகரிக்கிறது. உரிமையுள்ளவர் தமது தேவையைச் சொல்ல வேண்டும், படிவத்தை நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. கேளாமல் பெறப் பழகிய பெண், கேட்டுப் பெறவேண்டிய நாட்டில் தனித்துவிடப்படும்போது இரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையில் விழுந்துவிடுகிறார். சுகாதாரத் தாதி வீட்டு வாசலுக்கே வருகிறார் என்பது உண்மை. ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கான பதிலைத் தாய்தான் சொல்லியாக வேண்டும்.

இங்கு மொழி குறுக்கிடுகிறது. 1996 முதல் 2002 வரை சுமார் ஒரு லட்சம் கர்ப்பங்களைப் பதிவு செய்த டேனிஷ் தேசியப் பிறப்புக் குழாம் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. தொலைபேசி நேர்காணலுக்குப் போதிய டேனிஷ் மொழி பேசாத பெண்கள் அதில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அக்கால முதல் தலைமுறைத் தமிழ்த் தாய்மாரில் பலரது அனுபவம் அந்தப் பெருந்தரவில் இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. 2018 ஜூலையில் கொண்டுவரப்பட்ட விதியோ, மூன்றாண்டுகளுக்கு மேல் டென்மார்க்கில் வசித்தவர்கள் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளருக்கு, சில விதிவிலக்குகளுடன், கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் மூத்த பிள்ளையே தாயின் துயரத்தை மொழிபெயர்க்க நேரிடுகிறது. தன் உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றுகிறதா என்ற கேள்விக்குத் தன் பிள்ளையின் வாயிலாக எந்தத் தாய் உண்மையான பதிலைச் சொல்வார்?

பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல் 1987இல் உருவாக்கப்பட்டது. அதன் தமிழ் வடிவம் வேலூரில் சோதிக்கப்பட்டு 2005இல் வெளியிடப்பட்டது. சொல்வதற்குச் சொற்கள் தமிழில் இல்லை என்ற வாதம் இதனால் எடுபடாது. ஐரோப்பிய நகரங்களின் தாதியர் அந்தத் தமிழ் வடிவத்தைக் கையில் வைத்திருக்கவேண்டுமெனக் கோருவது தமிழ் அமைப்புகளின் கடமையாகும்.

சமூகத்தின் பொறுப்பு

இதனால் தாய்வீடே மருந்து என்று முடிவு கட்டிவிட முடியாது. வேலூர் மருத்துவர்கள் தமிழ்நாட்டின் கிராமப்புறத் தாய்மாரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், 11 சதவீதமானோருக்குப் பேற்றுப்பின் மனச்சோர்வு புதிதாக ஏற்பட்டிருந்தது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்தபோது பெண் குழந்தை பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் உள்ள பிணக்கு ஆகியன அதனுடன் தொடர்புற்றிருந்தன. உறவுகள் சூழ இருந்தும் பெண்கள் தனித்திருக்க முடியும் என்பதையே இது காட்டுகிறது. மறுபுறத்தில் ஆதரவு கிடைக்கும் தனித்த தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். தாலி இருக்கிறதா என்பதைவிட, துணைக்கு ஆள் இருக்கிறதா என்பதே முக்கியமானது.

டென்மார்க்கில் இலங்கைத் தமிழ்ப் பின்னணியுடைய பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களில் கணிசமானோர் ஓகூஸ் அமைந்துள்ள யூட்லாந்துப் பகுதியில் உள்ளனர். கோவில்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஊர்ச் சங்கங்களும் அங்கு உண்டு. பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபம் நிறையும் சமூகத்தில், பிரிந்து வாழும் பெண்ணின் பிரசவத்துக்கு ஒரு பாத்திரம் பத்தியக் கறியுடன் செல்வதற்குப் பலர் தயங்குகிறார்கள். அவர் யாருடைய பக்கம், தவறு யாருடையது என்ற விசாரணை முதலில் நடக்கிறது. அந்த விசாரணைக்கு அஞ்சியே தாயும் கதவைத் திறப்பதில்லை.

ஊரிலிருந்து தாயாரை அழைக்கும் ஷெங்கன் பயண அனுமதி 90 நாட்களுக்கு மேற்படாது. அதுவும் உறுதியாகக் கிடைக்கும் எனக் கூறமுடியாது. ஆயினும் ஆய்வு காட்டும் அபாயமும் ஏறத்தாழ அதே கால அளவுக்கு உரியது. இந்த மூன்று மாதங்களுக்கு முறை வைத்து உணவு கொண்டு செல்வதும், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும், வாரம் ஒரு நாள் இரவு குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் ஒரு சங்கத்துக்குப் பெருஞ்செலவாகாது. அவசர வேளையில் டென்மார்க்கில் 112 என்ற இலக்கத்தையும், மனநல உதவிக்கு இலங்கையில் 1926ஐயும் இந்தியாவில் 14416ஐயும் அழைக்கலாம் என்பதை அறிவித்தலாக ஒட்டுவதற்குச் செலவே இல்லை.

தமிழ்க் குடும்பங்களைப் பிரித்துவைத்த ஓர் அமைச்சரைத் தண்டித்த நாடு அது. பிரிந்த குடும்பத்தின் தாயை அயலவர் எவ்வாறு நடத்தவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லித்தர முடியாது. அதை டென்மார்க் வாழ் தமிழர்கள் தாமே தீர்மானிக்க வேண்டும்.