யாருடைய மனம் நோகாமல் கதை சொல்வது?

பழைய தொலைக்காட்சித் தொடர்களை மீண்டும் எடுப்பது இன்று பெரிய வியாபாரம். பழையது நல்லதா, புதியது நல்லதா என்பதோடு அவற்றைப் பற்றிய பேச்சும் முடிந்துவிடுகிறது. அண்மையில் ‘ரூட்ஸ்’ தொடரின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒரு மக்கள் கூட்டத்தின் துயரத்தைச் சொல்லும்போது யாருடைய மனம் நோகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்ற கேள்விதான் எனக்குள் எழுந்தது.

அலெக்ஸ் ஹேலியின் நாவல் 1976இல் வெளிவந்தது. கம்பியாவிலிருந்து பிடிக்கப்பட்டு அமெரிக்காவில் அடிமையாக விற்கப்பட்ட குன்ட்டா கின்டேயினதும் அவனது சந்ததியினதும் கதை அது. 1977 ஜனவரியில் ஏபிசி நிறுவனம் அதைத் தொடர்ச்சியாக எட்டு இரவுகள் ஒளிபரப்பியது. இறுதி இரவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் பார்த்தார்கள்.

வெள்ளையினப் பார்வையாளர்கள் விலகிப் போய்விடுவார்கள் என்ற பயம் தயாரிப்பாளர்களுக்கு இருந்தது. அதனால் வெள்ளையினப் பாத்திரங்களுக்கு வீடுதோறும் தெரிந்த தொலைக்காட்சி நடிகர்களைத் தெரிவுசெய்தார்கள். அடிமைக் கப்பலின் தலைவர் டேவிஸ், மனச்சாட்சி உறுத்தத் தவிக்கும் மனிதராகப் பெரிதாக்கப்பட்டார். நாவலிலோ அந்தக் கடற்பயணம் கப்பலின் அடித்தட்டில் விலங்கிடப்பட்டுக் கிடக்கும் குன்ட்டாவின் கண்களால் சொல்லப்படுகிறது.

2016இல் ஹிஸ்டரி தொலைக்காட்சி இதை நான்கு இரவுகளாக மீண்டும் எடுத்தது. தயாரிப்பாளர் மார்க் வோல்ப்பர், முதல் தொடரைத் தயாரித்த டேவிட் வோல்ப்பரின் மகன். பழைய தொடரைத் தன் மகனுக்குப் போட்டுக் காட்டியபோது அது அவனைத் தொடவில்லை என்பதே மீண்டும் எடுக்கத் தூண்டியதாக அவர் கூறியிருக்கிறார். 1977இல் இளம் குன்ட்டாவாக நடித்த லெவார் பர்ட்டனும் தயாரிப்பில் இணைந்தார். பழைய தொடரில் எளிய சிற்றூராக இருந்த ஜுஃபுரே, வரலாற்றாய்வாளர்களின் உதவியோடு வணிகம் நடக்கும் ஊராக மாறியது. ஆறுதல் தரும் கப்பல் தலைவர் காணாமல் போனார். அதே நேரம், குன்ட்டாவைப் பிடித்து விற்பது கோரோ என்ற போட்டிக் குடும்பம் என்பதையும் புதிய தொடர் மறைக்கவில்லை.

ஆனாலும் பழையதைத் தள்ளிவிட முடியாது. ஒரு நாடே ஒரே இரவில் அந்தக் கதையைப் பார்த்தது. புதிய தொடர் அந்தளவு மக்களை எட்டவில்லை. ஆறுதல் கொடுத்ததால்தான் பழையது கேட்கப்பட்டதா என்ற சங்கடமான சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இது தூரத்துக் கதையாக எனக்குப் படவில்லை. சில வருடங்களுக்கு முன்னர், இறுதி யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் நேர்காணலை ஒரு ஊடகத்துக்குக் கொடுத்தேன். நல்ல இராணுவச் சிப்பாய் ஒருவரைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார்கள். அப்படி ஒருவரை அந்தத் தாய் சந்தித்திருக்கவில்லை. நான் சேர்க்கவில்லை, நேர்காணலும் வெளிவரவில்லை. வேறொரு பெண், தன் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்த சிப்பாயைப் பற்றிச் சொன்னபோது அதை அப்படியே எழுதினேன். அது அவர் கண்டது. முதலாவது, வாசகரின் நிம்மதிக்காகக் கேட்கப்பட்டது.

இதே அளவுகோல் எங்களுக்கும் பொருந்தும். தங்கள் பிள்ளைகளை இயக்கம் பலவந்தமாகப் பிடித்துச் சென்றதைச் சொல்லும் தாய்மாரிடம், “இப்ப அது ஏன் பிள்ளை?” என்று அருகிலிருப்பவர்கள் தடுப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே நாங்கள் காப்பாற்றுவது எங்களுடைய நிம்மதியை.

யுத்தத்தைக் காணாத எங்கள் பிள்ளைகளும் ஒருநாள் இந்தக் கதையைத் தங்களுக்கு ஏற்றபடி மீண்டும் சொல்வார்கள். நாங்கள் எதை மென்மையாக்கினோம் என்று அவர்கள் தேடும்போது, வெட்டப்படாத சாட்சியங்கள் எங்காவது இருக்கவேண்டும். வெளிவராத அந்த நேர்காணலின் ஒலிப்பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.